ஈர மண்ணைத் தேடும் லைபீரியக் கீரி

கீரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பாம்புதான். தீராப் பகையைக் குறிக்கக் "கீரியும் பாம்பும்போல" என்று சொல்லிச் சொல்லியே, அந்த விலங்கை ஒரு சண்டைக்காரனாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். அந்தப் பார்வைக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கீரி மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் வாழ்கிறது. நீண்ட மூஞ்சியை இலைச்சருகுக்குள் செலுத்தி, முன்னங்கால் நகங்களால் ஈர மண்ணைக் கிளறி, மண்புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பதே அதன் முதன்மையான பிழைப்பு. லைபீரியக் கீரி என்று அழைக்கப்படும் இந்த விலங்கின் அறிவியல் பெயர் லைபீரிக்டிஸ் குனி. இந்தப் பேரினத்தில் வேறு சிற்றினம் எதுவும் இல்லை.

கீரிக் குடும்பத்தில் சுமார் 34 சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கலஹாரியின் மீர்கட்டையும் சவன்னாவின் பட்டைக் கீரியையும் தொலைக்காட்சி ஆவணப்படங்கள் உலகெங்கும் அறிமுகப்படுத்திவிட்டன. வெட்டவெளியில் வாழும் விலங்கைப் படம்பிடிப்பது எளிது என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அடர்ந்த காட்டின் தரையில், இடுப்பளவு புதருக்குக் கீழே, கருநிற உடலுடன் நடமாடும் கீரிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. லைபீரியக் கீரியைப் பொறுத்தவரை, அறிவியல் உலகமே அதை மண்டையோடாகத்தான் முதலில் சந்தித்தது.

ஹான்ஸ்-யூர்க் குன் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர், லைபீரியாவின் வடகிழக்குப் பகுதியில் வேட்டையாடிகளிடமிருந்து சில மண்டையோடுகளைச் சேகரித்தார். லண்டனிலிருந்த பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர். டபிள்யூ. ஹேமன் அவற்றை ஆராய்ந்து, அவை அதுவரை அறியப்பட்ட எந்தக் கீரிப் பேரினத்திலும் அடங்காதவை என்று கண்டு, 1958-ல் புதிய பேரினமாக விவரித்தார். சேகரித்தவரின் பெயரே சிற்றினப் பெயராயிற்று. தோலும் நிறமும் உடலமைப்பும் எப்படி இருக்கும் என்பதை அறிவியலாளர்கள் அறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. முழு உடல்கள் 1970களில்தான் கிடைத்தன. 1989-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்றின் முயற்சியால் உயிருடன் ஒரு கீரி கிடைத்து, டொராண்டோ உயிரியல் பூங்காவில் வைத்து வளர்க்கப்பட்டது. இந்தக் கால இடைவெளி அனைத்தும் அருங்காட்சியகங்களுக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டை ஒட்டி வாழும் வேட்டையாடிகளுக்கு இந்த விலங்கும் அதன் வளையும் அது மேயும் இடமும் முன்பே தெரிந்திருந்தன. அறிவியலுக்குக் கிடைத்த மண்டையோடுகளே அவர்கள் சமைத்து உண்ட விலங்குகளின் மிச்சங்கள்தாம்.

மண்டையோட்டை மட்டும் வைத்துக்கொண்டே இதன் வாழ்க்கையைப் பற்றி ஓரளவு சொல்லிவிட முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மூஞ்சி நீளமானது, ஒடுங்கியது. அந்த மண்டையோட்டின் அளவோடு ஒப்பிட்டால் பற்கள் சிறியவை. அதே காட்டில் வாழும் நெருங்கிய உறவினமான குசிமான்ஸ் கீரிக்கு 36 பற்கள். லைபீரியக் கீரிக்கு மேலும் கீழும் பக்கத்துக்கு ஒரு முன்கடைவாய்ப்பல் கூடுதலாக இருப்பதால் 40 பற்கள். எலும்பை நொறுக்கவும் நண்டோட்டை உடைக்கவும் வேண்டிய விலங்குக்கு வலுவான, பெரிய பற்கள் தேவை. மென்மையான, எதிர்த்துப் போராடாத, அப்படியே விழுங்கத்தக்க இரையை உண்ணும் விலங்குக்கு அந்தச் சுமை தேவையில்லை. நீண்ட மூஞ்சியும் சிறிய பற்களும் ஒன்றாக வரும்போது, மண்ணுக்குள் மூக்கை நுழைத்து உணவு தேடும் விலங்கை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று துணிந்து சொல்லலாம்.

முழு உடல் கிடைத்தபோது அந்த ஊகம் உறுதிப்பட்டது. வளர்ந்த விலங்கின் எடை இரண்டு கிலோகிராமைச் சற்றுத் தாண்டும். தலையும் உடலும் சேர்ந்து 40 சென்டிமீட்டரைச் சற்றுக் கடக்கும். வால் அந்த நீளத்தில் பாதிக்கும் குறைவானது. அடியில் புசுபுசுவென்று தொடங்கி நுனியை நோக்கிக் குறுகிச் செல்லும். உடல் கரும்பழுப்பு நிறம். காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை கழுத்தின் இருபுறமும் ஒரு கருங்கோடு ஓடும். அதன் ஓரங்களில் வெளிறிய கோடுகள் இருக்கும். காட்டின் அரையிருட்டில் ஒரு கணம் மட்டும் கண்ணில் படும் கீரி எது என்று பிரித்தறிய இந்தக் கழுத்துக் கோடே உறுதியான அடையாளம். முன்னங்கால் நகங்கள் நீண்டவை, தோண்டுவதற்கு ஏற்றவை. கட்டுமஸ்தான உடலும் குட்டைக் கால்களும் சேர்ந்து, மரமேறிக் கீரிகளிடமிருந்து இதைத் தெளிவாக வேறுபடுத்துகின்றன.

இனி வாழிடத்துக்கு வருகிறேன். பொதுவான அறிமுகக் குறிப்புகளில் "மழைக்காடு" என்ற ஒற்றைச் சொல்லுடன் இதன் வாழிடம் முடிந்துவிடுகிறது. அது பொய்யில்லை என்றாலும் போதுமானதல்ல. இந்தக் கீரி வாழும் மேல் கினியக் காடு, சியரா லியோனிலிருந்து லைபீரியா, கோட் டிவ்வார் வழியாகக் கானாவரை ஒரு காலத்தில் தொடர்ந்து நின்ற மழைக்காட்டுப் பட்டை. இன்று அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எஞ்சியிருப்பதில் மிகப் பெரிய பங்கு லைபீரியாவில் உள்ளது. ஆனால் லைபீரியக் கீரி அந்தப் பரப்பு முழுவதிலும் அறியப்படவில்லை. லைபீரியாவும், அதை ஒட்டிய மேற்குக் கோட் டிவ்வாரும்தான் அதன் உறுதிசெய்யப்பட்ட இருப்பிடங்கள். கோட் டிவ்வாரின் டாய் தேசியப் பூங்காவில் அது வாழ்வது 1990களில் உறுதியாயிற்று. 1972-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1982-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சிம்பன்சிகளைப் பற்றிய நீண்டகால ஆய்வுக்குப் பெயர்பெற்றுவிட்ட ஒரு காட்டில், இரண்டு கிலோ எடையுள்ள, பகலில் நடமாடும் ஒரு கீரி அவ்வளவு காலம் பதிவாகாமல் இருந்திருக்கிறது. ஆய்வாளர்களின் கண்கள் மரக்கிளைகளை நோக்கியே இருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காட்டுக்குள்ளும் எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி. இதுவரை கிடைத்துள்ள கள அவதானிப்புகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: ஓடைகளை ஒட்டிய ஆழமான மணற்பாங்கான மண், ராஃபியா பனைகள் வளரும் சதுப்புக் காடு, நீர் வடிந்தும் முற்றிலும் காயாத தாழ்நிலம். மண்புழுக்கள் ஏராளமாக இருக்கும் மண் இது. மேட்டுச் சரிவுகளில் மண் இறுகிய செம்மண்ணாகவும் சரளைக் கற்கள் கலந்ததாகவும் இருப்பது இந்தப் பகுதியில் வழக்கம். அங்கே தோண்டுவதும் கடினம், தோண்டினால் கிடைப்பதும் குறைவு. தாழ்நிலத்தின் மணல் கலந்த மண்ணிலோ நகம் எளிதாக இறங்கும், மூஞ்சி எளிதாக நுழையும்.

இங்கே மழையின் ஆண்டுச் சுழற்சியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். லைபீரியாவின் கடற்கரையில் உள்ள மன்ரோவியாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. உள்நாட்டுக்குச் செல்லச் செல்ல அது குறைந்து, டாய் காட்டில் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ மே முதல் அக்டோபர்வரை மழைக்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை வறண்ட மாதங்கள். மழைக்காலத்தில் சருகுக்கு அடியிலேயே மண்புழு கிடைக்கும். காட்டின் பெரும்பகுதி கீரிக்கு மேய்ச்சல் நிலமாக விரியும். மண் காயத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. வெப்பமண்டல மண்புழுக்களில் பல, வறட்சியில் மண்ணின் ஆழத்துக்கு இறங்கி, உடலைச் சுருட்டிக்கொண்டு அசைவற்று உறங்கிவிடும். ஓடைக்கரைகளிலும் சதுப்பிலும் மட்டுமே அவை நகங்களுக்கு எட்டும் ஆழத்தில் தொடர்ந்து இருக்கும். ஆகவே இந்தக் கீரியின் உலகம் ஆண்டுக்கு ஒருமுறை ஓடைகளின் வரைபடமாகச் சுருங்கிவிடுகிறது என்றே நான் ஊகிக்கிறேன். எத்தனை சதுர கிலோமீட்டர் காடு எஞ்சியிருக்கிறது என்பதைவிட, அந்த வறண்ட சில மாதங்களில் ஈரம் காயாத மண் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே இதன் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். இந்தப் பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது அதையே.

மண்புழுவை ஓர் உணவாகப் பார்த்தால் அதன் தனித்தன்மைகள் சில புலப்படும். அது புரதம் மிகுந்தது, நீர் மிகுந்தது, துரத்த வேண்டாதது, கடிக்காதது. ஆனால் ஒவ்வொரு கவளமும் சிறியது; நாள் முழுவதும் தோண்டிக்கொண்டே இருந்தால்தான் இரண்டு கிலோ உடல் நிறையும். அது மட்டுமன்று, மண்புழு நிலமெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஈரமும் மட்கும் கூடும் இடங்களில் திரளாகவும், அடுத்த இருபது அடியில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். இன்று வளமாக உள்ள இடம் நாளை வெயிலில் காய்ந்து வெறுமையாகலாம்.

இந்தத் திட்டுத்திட்டான பரவலை வைத்து, ஐரோப்பாவின் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கை ஆராய்ந்தவர்கள் முக்கியமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேட்ஜரும் மண்புழுவைப் பெருமளவில் உண்ணும் ஊனுண்ணி. 1970களில் ஹான்ஸ் க்ரூக் பிரிட்டனின் பேட்ஜர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தார். டேவிட் மெக்டொனால்ட் போன்றோர் 1980களில் அதை வளச்சிதறல் கருதுகோள் என்ற பொதுக் கருத்தாக வளர்த்தெடுத்தனர். அதன் சாரம் எளியது. உணவுத் திட்டுகள் எங்கே, எப்போது வளமாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, ஓர் இணை பிழைத்திருக்கவே பல திட்டுகளை உள்ளடக்கிய நிலப்பரப்பு வேண்டும். அப்படிப் பல திட்டுகள் உள்ள நிலத்தில், எந்த நாளிலும் ஏதாவது ஒரு திட்டு அந்த இணையின் தேவைக்கும் மிகுதியாகவே உணவு தரும். அந்த மிகுதியில் கூடுதல் உறுப்பினர்களை வைத்துக்கொள்ள எந்த இழப்பும் இல்லை. எனவே, கூட்டு வேட்டையோ கூட்டுப் பாதுகாப்போ இல்லாவிட்டாலும், குழு உருவாக இடம் ஏற்பட்டுவிடுகிறது.

லைபீரியக் கீரி குழுவாக வாழும் விலங்கு. டாய் காட்டில் சில உறுப்பினர்கள் கொண்ட சிறு குழுக்கள் ஒன்றாக மண்ணைக் கிளறிச் செல்வதைக் கண்டிருக்கிறார்கள். இன்னும் பெரிய கூட்டங்களைப் பற்றி லைபீரிய வேட்டையாடிகள் கூறியிருக்கிறார்கள். மரபணு ஆய்வுகளும் குசிமான்ஸ், மீர்கட், குள்ளக் கீரி, பட்டைக் கீரி ஆகிய சமூகக் கீரிகளின் கிளையிலேயே இதை வைக்கின்றன. ஆகவே குழுவாழ்க்கை இதற்குப் பரம்பரைச் சொத்து என்று சொல்லி விலகிவிடலாம். எனக்கு அந்த விடை முழுமையாகத் தோன்றவில்லை. பரம்பரையாக வந்த பழக்கம், மண்புழுத் திட்டுகளின் பொருளியலோடு ஒத்துப்போனதால் நீடித்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். தனியாகத் திரியும் சதுப்புக் கீரியையும் குழுவாகத் திரியும் லைபீரியக் கீரியையும் ஒரே ஓடைக்கரையில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும்.

சதுப்புக் கீரி ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் நீர்நிலைகளை ஒட்டி வாழும் பெரிய கீரி. நண்டு, தவளை, மீன், நத்தை என்று நீருக்குள் கை விட்டுத் துழாவிப் பிடிக்கும். அதன் விரல்களுக்கு இடையே சவ்வு கிடையாது. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருப்பது சேற்றில் துழாவுவதற்கு உதவுகிறது. அது பெரும்பாலும் இரவில் இயங்கும். லைபீரியக் கீரி பகலில், நீருக்கு வெளியே, கரையின் மண்ணுக்குள் தேடுகிறது. குசிமான்ஸ் கீரியும் பகலில், குழுவாக, அதே காட்டுத் தரையில்தான் மேய்கிறது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ, அது வண்டு, சிலந்தி, நத்தை, சிறு பல்லி என்று கிடைத்ததை எல்லாம் உண்ணும், காட்டின் எல்லா வகை நிலங்களிலும் திரியும். இம்மூன்றும் ஒரே பூங்காவுக்குள் வாழ்கின்றன. ஒரே ஓடைக்கு நீரோரத்தில் ஒன்றும் கரைமண்ணில் ஒன்றும் சருகுப்பரப்பில் ஒன்றுமாக மூன்று கீரிகள் பங்கு போட்டுக்கொள்வதில், மிகக் குறுகிய பங்கு லைபீரியக் கீரிக்கு வாய்த்திருக்கிறது. மற்ற இரண்டும் பரந்த பரப்பில் பெருகியிருக்க இது மட்டும் அரிதாக இருப்பதற்கான காரணத்தை அந்தக் குறுகிய பங்கில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இது மண்புழுவை மட்டுமே உண்கிறது என்று சொல்வது மிகையாகிவிடும். மண்ணைக் கிளறும்போது அகப்படும் பூச்சிகளையும் புழுப்பருவ உயிர்களையும் விட்டுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. டொராண்டோவில் வளர்ந்த கீரி இறைச்சி, மீன், உயிருள்ள பூச்சிகள் ஆகியவற்றை உண்டிருக்கிறது. அடைத்துவைத்த விலங்கு எதை உண்ணும் என்பதும் காட்டில் எதைத் தேடி நடக்கும் என்பதும் வேறுவேறு கேள்விகள். பற்களும் நகங்களும் மூஞ்சியும் இரண்டாவது கேள்விக்கே விடை சொல்கின்றன.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை கரையான் புற்றுக்கு ஒரு பங்கு இருக்கிறது. புற்றை ஒட்டிய வளையிலிருந்து இந்தக் கீரிகள் பிடிக்கப்பட்ட பதிவு உண்டு. மற்றச் சமூகக் கீரிகளும், குறிப்பாகக் குள்ளக் கீரியும் பட்டைக் கீரியும், கரையான் புற்றுகளில் தங்குவது நன்கு அறியப்பட்டதே. தாழ்நிலக் காட்டில் அதற்குக் கூடுதல் பொருத்தமும் உண்டு: வெள்ளம் ஏறும் மண்ணில் தோண்டிய வளை மழைக்காலத்தில் மூழ்கிவிடும், புற்று சற்றே உயர்ந்து நிற்கும், அதன் மண் இறுகியிருக்கும், சுவர் எளிதில் இடிந்து விழாது. குட்டிகளை வைத்து வளர்க்க வேண்டிய விலங்கு, மேயும் இடத்தின் நடுவிலேயே வெள்ளத்துக்கு மேலான ஓர் அறையைப் பெறுவது சிறிய வசதியன்று.

தலையை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு மேயும் விலங்குக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு, பொன்னிறப் பூனை உண்டு, குரங்குகளையே தூக்கிச் செல்லும் முடிக்கழுகு உண்டு. டாய் காட்டின் டயானா குரங்குகள் சிறுத்தைக்கு ஓர் ஒலியும் கழுகுக்கு வேறோர் ஒலியும் எழுப்புவதை க்ளாவுஸ் சூபர்ப்யூலர் நிறுவியிருக்கிறார். அந்த ஒலிகளை இருவாச்சிப் பறவைகளும் வேறுபடுத்திப் புரிந்துகொண்டு நடப்பதாகப் பின்னர் தெரியவந்தது. தலைக்கு மேலே நாள் முழுவதும் இப்படி இலவசக் காவல் நடக்கும் காட்டில், கீழே மண்ணைக் கிளறும் கீரிகள் மட்டும் அதற்குச் செவிகொடாமல் இருக்குமா என்று யோசிப்பதுண்டு. எவரேனும் ஒலிபெருக்கியுடன் போய்ச் சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வி இது.

அச்சுறுத்தல்களைப் பற்றி எழுதும்போது "காடழிப்பு, வேட்டை" என்ற இரண்டு சொற்களோடு கடந்துபோவது வழக்கம். இரண்டும் உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இந்தக் கீரி, அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக இடம்பெற்றிருப்பதற்கும் அவையே காரணம். ஆனால் மண்புழு மண்ணைச் சார்ந்த விலங்கு என்ற பார்வையோடு அணுகினால், பொதுவான பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படும் சில காரணங்கள் முன்னுக்கு வருகின்றன.

அவற்றில் தலையாயது வண்டல் தங்கம். தென்கிழக்கு லைபீரியாவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் மணலோடும் சரளையோடும் கலந்து தங்கம் கிடைக்கிறது. அதைத் தேடுபவர்கள் ஓடையைத் திருப்பி, கரையின் மேல்மண்ணை அகற்றி, குழி தோண்டி, சரளையைச் சலித்துக் கழுவுகிறார்கள். 1983-ல் லைபீரியாவின் முதல் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டு, 2003-ல் ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட சபோ தேசியப் பூங்காவுக்குள், உள்நாட்டுப் போரின் பின்விளைவாகத் தங்கம் தேடுவோர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். 2005-ல் ஐ.நா. அமைதிப் படையின் துணையோடு அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அதற்குப் பிறகும் சுரங்கக் குடியேற்றங்கள் திரும்பத் திரும்ப முளைத்தன. வானிலிருந்து எடுத்த படத்தில் இந்த அழிவு சிறியதாகவே தெரியும், ஏனெனில் மேட்டுக்காடு அப்படியே பச்சையாக நிற்கும். அழிவது ஓடையோரத்தின் ஒடுங்கிய மண்பட்டை மட்டுமே. யானைக்கும் சிம்பன்சிக்கும் அது பெரிய இழப்பில்லாமல் இருக்கலாம். லைபீரியக் கீரிக்கோ வறட்சிக்காலத்தின் முழுச் சோற்றுப்பானையும் அதுதான். தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஓடையின் வண்டலில் தங்கிவிடுவது வேறு.

சதுப்பு நெல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். லைபீரியாவில் மரபான நெல், காட்டைத் திருத்தி எரித்து மேட்டுநிலத்தில் விதைக்கப்படுவது. அதனால் காடு அழிகிறது என்பதற்காகவும், விளைச்சல் கூடும் என்பதற்காகவும், தாழ்நிலச் சதுப்பில் நெல் பயிரிடுவது பல பத்தாண்டுகளாக ஊக்குவிக்கப்பட்டு வருகிறது. மனிதர்களுக்கு உணவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பேதும் இல்லை, மேட்டுக்காட்டைக் காக்க அது உதவக்கூடும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் காட்டைக் காக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஒரு நல்ல காரியம், இந்த ஒரு விலங்குக்கு மட்டும் நேர் எதிராகத் திரும்புவதைத் திட்டமிடுபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிகளுக்கும் இதே கணக்குதான். மண்புழு மண்ணையே உண்டு கழிக்கும் உயிர். மண்ணில் சேரும் நஞ்சில் ஒரு பகுதி அதன் உடலில் தேங்கும். நாளெல்லாம் மண்புழுவையே உண்ணும் விலங்கின் உடலில் அது மேலும் திரளும்.

வேட்டையின் தன்மையும் கவனிக்கத் தக்கது. தோட்டா விலை கொடுத்து வாங்க வேண்டியது. அதைக் கீரி மீது செலவிடுவதைவிட டைக்கர் மான் மீதோ குரங்கு மீதோ செலவிடுவதையே துப்பாக்கி வைத்திருப்பவர் விரும்புவார். கம்பிச் சுருக்குக் கண்ணிக்கோ விலங்கைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. விலங்குத் தடங்கள் கூடும் ஓடையோரத்தில் வைக்கப்படும் கண்ணி, அங்கே தினமும் நடக்கும் கீரிக் குழுவில் இன்று ஒன்றையும் இன்னொரு நாள் மற்றொன்றையும் எடுத்துவிடும். வேட்டை நாய்கள் அதனினும் கொடியவை. துரத்தினால் வளைக்குள் ஓடி ஒளிவது கீரியின் இயல்பு. நாய் வளையைக் காட்டிக்கொடுத்தால், ஆள் தோண்டி எடுத்துவிடலாம். சிறுத்தையிடமிருந்து காக்கும் புற்று, நாயும் மண்வெட்டியும் சேர்ந்த இடத்தில் பொறியாகிவிடுகிறது. குழுவாகத் தங்கும் விலங்கு என்பதால் ஒரே வளையில் பல உயிர்கள் போகும். பெரிய விலங்குகள் குறைந்துவிட்ட காடுகளில் வேட்டை சிறிய விலங்குகளை நோக்கித் திரும்புவதும் ஆப்பிரிக்காவின் பல காடுகளில் பதிவான ஒன்று.

1989 முதல் 1997 வரையும், மீண்டும் 1999 முதல் 2003 வரையும் நடந்த இரண்டு உள்நாட்டுப் போர்கள் லைபீரியாவில் கள ஆய்வை ஏறத்தாழ நிறுத்திவிட்டன. டொராண்டோவுக்கு ஒரு கீரி சென்ற ஆண்டிலேயே முதற்போர் தொடங்கியது. போருக்கு நிதியளித்ததற்காக லைபீரிய மரத்தின் மீது ஐ.நா. விதித்த தடை 2003 முதல் 2006 வரை நீடித்தது. அந்த இடைவெளிக்குப் பிறகு, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சபோ பூங்காவில் தானியங்கி கேமராக்கள் வைத்துச் செய்த கணக்கெடுப்புகளில் இந்தக் கீரி பதிவானது எனக்கு மிகுந்த நிம்மதி தந்த செய்தி. 2016-ல் கோலா காடும் 2017-ல் கிரெபோ-க்ரான் காடும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. பின்னது கவாலி ஆற்றுக்கு அப்பாலுள்ள டாய் காட்டுக்கும் சபோவுக்கும் இடையே அமைந்திருப்பதால், எல்லையின் இருபுறமும் உள்ள கீரிகள் முற்றிலும் பிரிந்துவிடாமல் இருக்க அதன் இருப்பு முக்கியமானது. நடுவிலுள்ள நிலத்தில் ஓடையோரக் காடு தொடர்ந்து நிற்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை; மேட்டில் மட்டும் மரம் நிற்கும் இணைப்புப் பாதை இந்த விலங்குக்குப் பயன்படாது.

இந்தக் கீரியைக் கணக்கெடுக்கும் முறையிலும் மாற்றம் தேவை என்று கருதுகிறேன். வழக்கமான கேமராக் கணக்கெடுப்புகள் சிறுத்தை, யானை, குள்ள நீர்யானை, மான்கள் ஆகியவற்றைக் கருதித் திட்டமிடப்படுபவை. வரைபடத்தில் சம இடைவெளியில் கட்டமிட்டு, அகன்ற விலங்குத் தடங்களை நோக்கி, முழங்கால் உயரத்திலோ அதற்கு மேலோ கேமராவைக் கட்டுவார்கள். சருகுக்குள் தலையை வைத்து, தடத்தை விட்டு விலகி மேயும் விலங்கு அந்தக் கண்ணில் எப்போதாவதுதான் படும். அப்படிப்பட்ட கணக்கெடுப்பில் அது "அரிதாகப்" பதிவானால், விலங்கு உண்மையிலேயே அரிதா, கேமரா தவறான இடத்தில் இருந்ததா என்று பிரிக்க முடியாது. ஓடைக்கரையிலும் ராஃபியாச் சதுப்பின் ஓரத்திலும், கணுக்கால் உயரத்தில், வறண்ட மாதங்களில் கேமராக்களை வைத்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் பெருமளவு நீங்கும்.

கூடவே ஒவ்வொரு கேமரா இருக்கும் இடத்திலும் மண்ணின் ஈரத்தையும் மண்புழுக்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சட்டம் ஒன்றை மண்மீது வைத்து, கடுகுத்தூள் கரைத்த நீரை அதற்குள் ஊற்றினால், எரிச்சல் தாளாமல் மண்புழுக்கள் மேலே வரும். அவற்றை எண்ணி, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடலாம். மண்புழு ஆய்வாளர்கள் பல நாடுகளில் கையாளும் முறை இது. ஐம்பது இடங்களில் இந்த எண்ணும் கேமராப் பதிவும் அருகருகே கிடைத்தால், லைபீரியக் கீரி எந்த மண்ணில் வாழும், எந்த மண்ணில் வாழாது என்பதை ஊகத்தின் துணையின்றியே எழுதிவிடலாம். சபோவிலும் கிரெபோ-க்ரானிலும் எந்த ஓடைகளுக்கு முதலில் காவலர்களை அனுப்ப வேண்டும் என்பதையும் அந்த அட்டவணையே சொல்லிவிடும்.